நாளைக்கு பஸ் ஓடுமா? வேலைநிறுத்த நாள் பயணம்: வாசகர் கேள்வி-பதில்

அகில இந்தியப் பொது வேலைநிறுத்தம் என்று அறிவிப்பு வந்தாலே தபால் பெட்டி நிறைந்துவிடுகிறது. வேலைநிறுத்தம் சரியா தவறா என்ற கடிதங்களை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிட்டோம். இங்கே வீட்டிலிருந்து வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த் திரும்புவது பற்றிய கேள்விகள் மட்டும். பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: 2022-ல் வேலைநிறுத்தம் என்றார்கள், ‘எல்லாம் பேச்சுக்குத்தான்’ என்று கிளம்பிப் போய் ஸ்டாப்பில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். 2025 ஜூலையில் அதே அறிவிப்பு வந்ததும் பயந்து லீவு போட்டேன், பஸ் எல்லாம் ஜோராக ஓடியது. முதல் நாளே தெரிந்துகொள்ள வழியே கிடையாதா? (வாசகி, பல்லாவரம்)

பதில்: இருக்கிறது. டெல்லியில் யார் அழைப்பு விடுத்தார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உங்கள் ஊர்ப் போக்குவரத்துக் கழகத்தில் யார் நோட்டீஸ் கொடுத்தார்கள் என்று பாருங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு தடவையும், அதாவது 2022 மார்ச் 28, 29 தேதிகளிலும் 2025 ஜூலை 9 அன்றும், அழைத்தவை ஏறக்குறைய ஒரே மத்தியத் தொழிற்சங்கங்கள்தான். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., எச்.எம்.எஸ்., தொ.மு.ச. எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கூடாது என்ற முக்கியக் கோரிக்கையும் மாறவில்லை, மாநிலத்தில் ஆட்சியும் மாறவில்லை. ஆனாலும் 2022-ல் முதல் நாள் சென்னையில் மாநகர பஸ்கள் பெரும்பாலும் டிப்போ வாசலைத் தாண்டவில்லை. 2025-ல் வழக்கம்போல ஓடின. ஒரு சங்கம் மேடையில் ஆதரவு தெரிவிப்பது ஒன்று, அதன் உறுப்பினர் காலை நாலு மணிக்கு வண்டியை எடுக்காமல் இருப்பது இன்னொன்று. 2024 ஜனவரி 9-ல் தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களில் மட்டும் நடந்த வேலைநிறுத்தத்தில் சி.ஐ.டி.யு., அண்ணா தொழிற்சங்கப் பேரவை போன்றவை இறங்கின, தொ.மு.ச. இறங்கவில்லை. பெரும்பாலான வண்டிகள் ஓடிவிட்டன. ஆகவே செய்தியில் பெரிய சங்கம் ஒன்று ஒதுங்கி நிற்கிறதா என்பதை முதலில் தேடுங்கள்.

அடுத்தது நோட்டீஸ். பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் வேலைநிறுத்தம் செய்ய முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்து 14 நாள் கழிந்த பிறகுதான் வேலையை நிறுத்தலாம் என்பது 1947-ம் ஆண்டு தொழிற்தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இந்த 14 நாள் கணக்கை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. பயணிக்கு இதில் ஒரு லாபம். ‘போக்குவரத்து ஊழியர்கள் ஸ்டிரைக் நோட்டீஸ்’ என்ற செய்தி இரண்டு வாரம் முன்பே உள்ளூர்ப் பக்கத்தில் வந்திருக்கும். அப்படி ஒன்று வராமல், கடைசி இரண்டு நாளில் ‘ஆதரவு’, ‘ஆர்ப்பாட்டம்’ என்ற சொற்கள் மட்டும் வந்தால் வண்டி பெரும்பாலும் ஓடும்.

இதெல்லாம் முதல் நாள் இரவுக் கணக்கு. மறுநாள் காலைக் கணக்கு டிப்போ வாசலில் இருக்கிறது. வேலைநிறுத்தம் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும்போது வண்டிகள் எல்லாம் உள்ளேதான் நிற்கும். காலை 4 மணிவாக்கிலிருந்து முதல் ஷிப்ட் வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். டிரைவர் வந்து கண்டக்டர் வராவிட்டாலும், கண்டக்டர் வந்து டிரைவர் வராவிட்டாலும் வண்டி கிளம்பாது. பத்து டிரைவரும் பத்து கண்டக்டரும் வர வேண்டிய இடத்தில் ஆறு டிரைவரும் நாலு கண்டக்டரும் வந்தால் ஓடப்போவது நாலே வண்டி. ‘60 சதவீத டிரைவர்கள் வந்தார்கள்’ என்று செய்தி சொல்ல, ஸ்டாப்பில் ஒன்றையும் காணோம் என்று ஜனங்கள் புலம்புவது இப்படித்தான். வாசலில் சங்கத்தார் வாயிற்கூட்டம் போட்டால் வந்தவர்களும் ஒரு மணி நேரம் தாமதமாகவே வண்டியை எடுப்பார்கள். ஆகவே காலை 6 மணிக்கு உங்கள் ஸ்டாப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்து டிப்போ எதிரே டீக்கடை வைத்திருப்பவரோ, அந்த வழியாக நடைப்பயிற்சி போகிறவரோ தெரிந்தவராக இருந்தால் 5 மணிக்கு ஒரு போன் போட்டு, உள்ளே வண்டி வரிசையாக நிற்கிறதா, இடம் காலியாகிக்கொண்டு வருகிறதா என்று கேளுங்கள். அதைவிட நம்பகமான தகவல் எந்தச் செயலியிலும் வராது.

மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் புது மின்சார பஸ்களை வேறு கணக்கில் வையுங்கள். அவை ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. டிரைவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள், கண்டக்டர் கழகத்தின் ஆள். கண்டக்டர் வராவிட்டால் அந்த வண்டியும் நிற்கும்தான். ஆனால் அதிகாரிகள் இருக்கிற கண்டக்டர்களை முதலில் ஏற்றிவிட வசதியான வண்டி அதுதான்.

கேள்வி: பாதி பஸ் ஓடுகிறது என்கிறார்கள். அப்படியானால் இரண்டு மடங்கு நேரம்தானே காத்திருக்க வேண்டும்? நாலு மடங்கு நிற்கிறோமே, ஏன்? (வாசகர், பெரம்பூர்)

பதில்: பாதி வண்டி சம இடைவெளியில் வந்தால் உங்கள் கணக்கு சரி. ஆனால் அப்படி வராது. மணிக்குப் பத்து வண்டி ஓடும் தடம் என்று வைத்துக்கொள்வோம், ஆறு நிமிடத்துக்கு ஒன்று. அதில் ஐந்து ஓடினால் 12 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். முதல் வண்டி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரட்டைக் கூட்டத்தை ஏற்றுகிறது. படியில் தொங்குகிறவரை உள்ளே தள்ளி, விசில் கொடுத்து நகர்வதற்குள் ஸ்டாப்புக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் போகிறது. இருபது ஸ்டாப் தாண்டினால் 20 நிமிடம். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இல்லை. அது வேகமாக வந்து முன்வண்டியின் வாலைப் பிடிக்கும். பெரம்பூர்–பெசன்ட் நகர் 29சி மாதிரி ஊரைக் குறுக்கே கடக்கும் நீளத் தடங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு இரண்டு ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே முதலில் வருகிற நெரிசல் வண்டியை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பின்னால் ஒன்று காலியாக வர நல்ல வாய்ப்பு உண்டு. பின்னால் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் மட்டும் தொங்குவது பற்றி யோசிக்கலாம்!

புறப்படும் இடத்துக்கே போய் ஏறுவதும் உதவும். நடுத்தடத்து ஸ்டாப்பில் நிற்காமல் போகும் வண்டிகூடப் புறப்படும் நிலையத்தில் நின்றுதானே ஆக வேண்டும். விடியல் பயணத்தை நம்பியிருக்கும் பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை. இலவசப் பயணம் சாதாரணக் கட்டண வண்டிகளில் மட்டுமே. இருக்கிற சில வண்டிகளில் முதலில் வருவது டீலக்ஸாகவோ ஏ.சி. வண்டியாகவோ இருக்கலாம், கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

தற்காலிக டிரைவர்களை வைத்து ஓட்டினால் இன்னொரு சங்கடமும் வரும். 2018 ஜனவரியில் ஒரு வாரத்துக்கு மேல் நடந்த தமிழ்நாட்டு வேலைநிறுத்தத்தில் அப்படி ஓட்டினார்கள். கனரக லைசென்ஸ் இருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியும், தடம் தெரியாது. எந்த ஸ்டாப் எங்கே, எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று பயணிகளே சொல்ல வேண்டியிருக்கும். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்பே குரல் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அகில இந்திய வேலைநிறுத்தம் என்றால் ரயிலும் நிற்க வேண்டாமா? மின்சார ரயிலும் மெட்ரோவும் மட்டும் எப்படி ஓடுகின்றன? நம்பிப் போகலாமா? (வாசகர், ஆவடி)

பதில்: நம்பிப் போகலாம், கொஞ்சம் நேரத்தைக் கூட வைத்துக்கொண்டு.

ரயில்வேயின் இரண்டு பெரிய சம்மேளனங்களும் இந்த ஒரு நாள், இரண்டு நாள் வேலைநிறுத்தங்களில் வேலையை நிறுத்துவதில்லை. ரயில்வே ஊழியர்களே நாடு முழுக்க வண்டியை நிறுத்திய பெரிய போராட்டம் 1974 மே 8 முதல் 27 வரை நடந்தது, ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில். அதற்குப் பிறகு அந்த அளவில் ஒன்று நடக்கவில்லை. ஆகவே இப்போது ரயில் தாமதமானால் காரணம் ஊழியர் இல்லை, தண்டவாளத்தில் வந்து உட்காரும் மறியல்காரர்.

ஒரு தடத்தை நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்பது அது எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மேற்கு வங்கத்தில் சியால்டா தெற்குப் பிரிவில் வேலைநிறுத்த நாட்களில் ஒரு வேலை நடக்கும். மேலே போகும் மின்கம்பியில் வாழை இலையை வீசிவிடுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். பச்சை இலையின் தண்டு முழுக்கத் தண்ணீர். அது கம்பிக்கும் இரும்புத் தாங்கிக்கும் நடுவே கிடந்தால் மின்சாரம் தரைக்கு இறங்க வழி கிடைத்துவிடும். துணைமின் நிலையத்தில் பிரேக்கர் விழும், அந்தப் பகுதி முழுக்க ரயில்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். பராமரிப்பு ஆட்கள் டவர் வண்டியில் வந்து, மின்சாரத்தை முறைப்படி துண்டித்து, கம்பியைப் பூமியோடு இணைத்து, அப்புறம்தான் இலையை எடுக்க முடியும். ஓர் இலையை எடுக்க ஒரு மணி நேரம். அதே கொல்கத்தாவில் ஊர் நடுவே மெட்ரோ சுரங்கத்தில் ஓடுகிறது. மேலே கம்பியே கிடையாது, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட். இலை வீசவும் இடமில்லை, போய் உட்காரவும் இடமில்லை.

சென்னை மெட்ரோவுக்கு மேலே கம்பி உண்டு, அதே 25,000 வோல்ட். ஆனால் தடம் முழுக்கத் தூண்மேலோ சுரங்கத்திலோ போகிறது. லெவல் கிராசிங் ஒன்றுகூட இல்லை. டிக்கெட் கதவைத் தாண்டாமல் யாரும் தண்டவாளப் பக்கம் போக முடியாது. புறநகர் ரயில் தரையோடு போகிறது. மறியல் நடக்கும் நிலையத்தில் போலீஸ் வந்து எல்லாரையும் கைது செய்து வேனில் ஏற்ற பத்து இருபது நிமிடம் ஆகும். ஆனால் அந்த வண்டிக்குப் பின்னால் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் வண்டிகளும் சேர்ந்து தாமதமாகும். கடற்கரை போய்த் திரும்ப வேண்டிய பெட்டித்தொடர் தாமதமாகத் திரும்பும். மறியல் முடிந்து ஒரு மணி நேரம் வரை அட்டவணை கோணிக்கொண்டேதான் இருக்கும். மறியல் பெரும்பாலும் காலை 10 மணியை ஒட்டி நடக்கும், ஊர்வலமாக வந்து சேர அவ்வளவு நேரம் ஆகிறது. ஆவடியிலிருந்து 8 மணிக்கு முன் ஏறிவிட்டால் அதில் மாட்ட மாட்டீர்கள்.

மெட்ரோவில் நெரிசல் ரயிலுக்குள் இல்லை, வாசலில்தான். நாலு பெட்டி மெட்ரோ ஒன்றில் 1,276 பேர் போகலாம், நின்றுகொண்டு போகும் கூட்டத்தையும் சேர்த்து ஒரு பஸ்ஸுக்கு 70 பேர் என்று வைத்தால் 18 பஸ். அதை ரயில் தாங்கும். டிக்கெட் கவுன்டரும் பை சோதிக்கும் எந்திரமும் தாங்காது. முதல் நாள் இரவே சிங்காரச் சென்னை அட்டையில் பணம் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது போனில் கியூஆர் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 20 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. அட்டையை மாநகர பஸ்ஸிலும் காட்டலாம். நிலைய வாகன நிறுத்தத்தை நம்பி ஸ்கூட்டரில் போகிறவர்கள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் சங்கிலி போட்டுவிடுவார்கள்.

புறநகர் ரயிலுக்கு ஒரு சின்ன விஷயம். போனில் எடுக்கும் முன்பதிவில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள் போவதற்கு முன்பே எடுங்கள், தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றால் செயலி டிக்கெட் தராது. எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். வீட்டிலேயே காலை 6 மணிக்கு எடுத்துவைத்து 8 மணிக்கு ஏறினால் அது செல்லாத டிக்கெட். பரிசோதகர் பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் இருக்கிறேன். ரயில், மெட்ரோ என்று சொல்கிறீர்கள், எங்களுக்கு எதுவுமே இல்லையே? (வாசகி)

பதில்: ஓ.எம்.ஆர். தான் இந்த விஷயத்தில் பாவப்பட்ட சாலை. வடக்கே போகிறவர்கள் திருவான்மியூர் அல்லது பெருங்குடி பறக்கும் ரயில் நிலையத்தை இலக்காக வையுங்கள். அங்கே சேர்ந்துவிட்டால் மயிலாப்பூர், சேப்பாக்கம், கடற்கரை வரை பஸ்ஸே தேவையில்லை. தாம்பரம் பக்கம் போகிறவர்கள் மேடவாக்கம் வழி. ஷேர் ஆட்டோக்கள் ஓடும், ஆனால் முழுத் தடமும் ஒரே வண்டி போகாது. துண்டு துண்டாக மாறிப் போக வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் சில்லறை வேண்டும். கம்பெனி பஸ் இருக்கும் அலுவலகத்தில் தோழி வேலை பார்த்தால் முதல் நாளே பேசிவைப்பது உத்தமம்.

வெளியூரிலிருந்து கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குகிறவர்களுக்கும் இதே யோசனைதான். மாநகர பஸ் இல்லாத காலையில் நிலையத்துக்குள்ளேயே நின்று காத்திருக்காமல் வண்டலூர் அல்லது ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். ஆட்டோக்காரர் தாம்பரம் வரை என்று இழுப்பார், வேண்டாம்.

கேள்வி: ஏழு கிலோமீட்டருக்கு 300 ரூபாய் கேட்டார் ஆட்டோக்காரர். செயலியில் பார்த்தால் அதுவும் இரண்டு மடங்கு. ஏற்றுக்கொண்டவர் ஐந்து நிமிடத்தில் ரத்து செய்துவிட்டார். இதற்கெல்லாம் வரம்பே இல்லையா? (வாசகர், வடபழனி)

பதில்: காகிதத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2013-ல் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு ரூ.25, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ரூ.12. உங்கள் ஏழு கிலோமீட்டருக்கு ரூ.87.40 வருகிறது. 2013 விலைவாசியில் நிற்கும் இந்தக் கட்டணத்துக்கு இன்று யாரும் வர மாட்டார்கள் என்பதில் ஆட்டோக்காரர் பக்கம் நியாயம் உண்டு. 2025 பிப்ரவரி முதல் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு ரூ.50, பிறகு கிலோமீட்டருக்கு ரூ.18. அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தாலும் ரூ.143.60 தான். முந்நூறு என்பது சங்கக் கட்டணத்துக்கே இரண்டு மடங்கு. பேரம் பேசும்போது இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘சங்க ரேட்டே நூத்தி நாப்பத்திநாலுதானேண்ணே’ என்று சொன்னால் ஆள் விவரம் தெரிந்தவர் என்று இருநூறுக்கு இறங்குவார்.

செயலி வண்டிகளுக்கு மத்திய அரசின் 2025 ஜூலை வழிகாட்டு நெறிகள் உண்டு. நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தின் இரண்டு மடங்கு வரை வாங்கலாம், அதற்கு மேல் கூடாது. ஏற்றுக்கொண்டு தக்க காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் ரூ.100 அபராதம். இது டிரைவருக்கும் உண்டு, பயணிக்கும் உண்டு. மாநிலங்கள் ஏற்றுக்கொண்டு அமல்படுத்த வேண்டிய நெறி இது என்பதால் வாசலில் நிற்கும் வண்டிக்காரரிடம் வாதாடிப் பயனில்லை. கட்டணத் திரையையும் ரத்தான திரையையும் படம் எடுத்துவைத்துச் செயலியிலேயே புகார் போடுங்கள்.

எங்கள் யோசனை வேறு. அன்றைக்கு ஆட்டோவை முழு தூரத்துக்கும் எடுக்காதீர்கள். வடபழனியில் மெட்ரோ வாசலிலேயே இருக்கிறது. கிண்டி, பரங்கிமலை, எழும்பூர், சென்ட்ரல் ஆகிய நிலையங்களில் மெட்ரோவும் ரயிலும் சந்திக்கின்றன. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோ என்றால் கேட்கிற அநியாயமும் சிறிதாக இருக்கும். மதியத்துக்குப் பிறகு கட்டணம் தானாக இறங்கும். காலையில் ஆர்ப்பாட்டத்துக்குப் போன ஆட்டோக்கள் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ. தேதி சரியாக வேலைநிறுத்த நாளில் விழுகிறது. நாகர்கோவிலிலிருந்து எப்படிப் போவது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியைக் கேளுங்கள். கேரளத்து ஆஸ்பத்திரிகளுக்கு இது பழகிய விஷயம், ஒரு நாள் முன்பின் மாற்ற முடியுமா என்று அவர்களே சொல்வார்கள். டயாலிசிஸ் நோயாளிகளும் அப்படித்தான், முந்தின நாளே ஒரு முறை செய்துகொள்ளக் கேட்க வேண்டும்.

மாற்ற முடியாது என்றால் ரயில்தான். பஸ்ஸை நினைக்கவே வேண்டாம். கேரளத்தில் அகில இந்திய வேலைநிறுத்தம் என்றால் முழு அடைப்பு மாதிரிதான். அரசு பஸ், தனியார் பஸ், ஆட்டோ, டாக்சி, கடை எல்லாம் நிற்கும். 2025 ஜூலையில் அரசு பஸ் ஓடும் என்று அங்கே அமைச்சரே சொல்லியும் பெரும்பாலும் ஓடவில்லை. தமிழ்நாட்டு பஸ்கள் களியக்காவிளையோடு நின்றுவிடும். கோவைப் பக்கம் வாளையார், தேனிப் பக்கம் குமுளி. எல்லையில் இறங்கி அந்தப் பக்கம் ஏதாவது பிடிக்கலாம் என்று நோயாளியோடு கிளம்பிவிடாதீர்கள்.

திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கியதும் வெளியே வெறிச்சோடிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட நாட்களில் ரயிலில் வரும் நோயாளிகளை ஆர்.சி.சி.க்கும் மருத்துவக் கல்லூரிக்கும் போலீஸ் தன் வண்டிகளிலேயே கொண்டுபோய் விடுவது அங்கே நெடுநாள் வழக்கம். நிலையத்துப் போலீசாரிடம் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள். காலையில் சீக்கிரம் வந்து சேரும் வண்டியைப் பிடிப்பது நல்லது, கூட்டம் சேர்ந்த பிறகு முறை வரத் தாமதமாகும். சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் எல்லாம் கையில் இருக்கட்டும்.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேரளத்து ஹர்த்தால் வழக்கமாகக் காலை 6 முதல் மாலை 6 வரை, ஆறு அடித்ததும் ஊர் விழித்துக்கொள்ளும். பொது வேலைநிறுத்தம் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, மாலையில் ஆட்டோ வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேள்வி: பஸ் கிடைக்காமல் எழும்பூரில் ரயிலைத் தவறவிட்டேன். பணம் திரும்ப வருமா? (வாசகர், பூந்தமல்லி)

பதில்: வராது. நீங்கள் நிலையத்துக்கு வர முடியாமல் போனது ரயில்வேயின் கணக்கில் சேராது. ரயிலே ரத்தானால் இணைய டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாக வந்துவிடும், கவுன்டர் டிக்கெட் என்றால் மூன்று நாளுக்குள் கவுன்டரில் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், பயணம் வேண்டாம் என்று முடிவு செய்தீர்கள் என்றாலும் முழுப் பணமும் உண்டு. ஆனால் அந்த ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன் டி.டி.ஆர். (பணம் திரும்பக் கேட்கும் மனு) போட்டாக வேண்டும். பலர் வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகப் போட்டுப் பணத்தை இழக்கிறார்கள்.

அடுத்த முறை, வேலைநிறுத்தத் தேதி தெரிந்ததும் ஏறும் நிலையத்தை உங்களுக்குப் பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். எழும்பூருக்குப் பதில் தாம்பரம், சென்ட்ரலுக்குப் பதில் பெரம்பூர், அந்த வண்டி அங்கே நின்றால். ரயில் கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே இணையத்தில் மாற்றிவிடுவது பாதுகாப்பு. மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: பஸ் இல்லாமல் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போனேன், அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். நான் வேலைநிறுத்தத்தில் இல்லவே இல்லை. (வாசகி, அம்பத்தூர்)

பதில்: வராத நேரத்துக்குப் பிடிக்கலாம், பஸ் ஓடவில்லை என்பதற்காக அந்த நேரத்துக்குச் சம்பளம் கேட்க உரிமை இல்லை. ஆனால் பிடிப்பது வராத நேரத்தின் விகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. மாதம் 24,000 ரூபாய், 26 வேலை நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 ரூபாய். உங்களிடம் பிடிக்கக்கூடியது 230. அரை நாள் என்று 460 பிடித்தது அதிகம். எச்.ஆர்.-இடம் இந்தக் கணக்கை எழுத்தில் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஒரு பிரிவு இடம் தருகிறது. அது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் ‘நாளைக்கு யாரும் போக வேண்டாம்’ என்று விளையாட்டாக எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஒரு நாள் வேலைநிறுத்தம்தானே, மறுநாள் காலை எல்லாம் சரியாகிவிடுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: நகர பஸ் சரியாகிவிடும். வெளியூர் பஸ் மதியம் வரை இழுக்கும். முந்தின இரவு நாகர்கோவிலிலிருந்து கிளம்பாத வண்டி மறுநாள் காலை சென்னையில் இருக்காது. அதன் திரும்பும் நடையும் அப்படியே விழும். மும்பைக்காரர்களுக்கு இதைவிட மோசமான அனுபவம் உண்டு. 2019 ஜனவரி 8-ல் இரண்டு நாள் அகில இந்திய வேலைநிறுத்தம் தொடங்கிய அதே நாளில் பெஸ்ட் பஸ் ஊழியர்கள் தங்கள் சொந்தக் கோரிக்கைகளோடு இறங்கினார்கள். தேசிய வேலைநிறுத்தம் இரண்டு நாளில் முடிந்தது, பெஸ்ட் வேலைநிறுத்தம் ஒன்பதாம் நாள்தான் முடிந்தது.

கேள்வி: முதல் நாளே பெட்ரோல் முழு டேங்க் போட்டுவைக்க வேண்டுமா? (வாசகர், கோவை)

பதில்: பொது வேலைநிறுத்தத்துக்குத் தேவையில்லை. லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் என்றால் மட்டும் போடுங்கள். 2024 ஜனவரி முதல் தேதி, விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடும் டிரைவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்ற புதுச் சட்டப் பிரிவை எதிர்த்து லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். டேங்கர் வராது என்ற பேச்சு பரவியதும் ஹைதராபாத் உள்பட பல நகரங்களில் பங்க் வாசலில் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. உணவு கொண்டுபோகும் ஒரு இளைஞர் பைக்கை விட்டுவிட்டுக் குதிரையில் போனதுகூட அங்கேதான். பங்க்குகள் வறண்டதற்கு டேங்கர் வராததைவிட எல்லாரும் ஒரே நேரத்தில் நிரப்பியதுதான் பெரிய காரணம். மறுநாள் இரவே பேச்சுவார்த்தையில் முடிந்துவிட்டது. டேங்கில் பாதி இருந்தால் நகரத்துக்குள் நாலைந்து நாள் தாராளமாக ஓடும்.